பன்னிரண்டாம் பாத்தியில் விளைந்தது

உவர்மங்கலத்து உப்பளத்தில், பன்னிரண்டாம் பாத்தியில், அந்த வருஷம் பங்குனி மூன்றாவது வாரம் உப்புக்குப் பதிலாகத் தூக்கம் விளைந்தது. முதலில் அதைக் கண்டுகொண்டது ஒரு கொக்கு. பாத்தியில் இறங்கி ஒற்றைக் காலில் நின்றது, மறுநாளும் நின்றது, அதற்கு மறுநாளும் நின்றது. மூன்றாம் நாள் கங்காணி சொரிமுத்து கல்லெறிந்து பார்த்துவிட்டு, கல் பட்டும் அசையாத கொக்கைவிடப் பாத்தியின் மேல் சந்தேகம் கொண்டு, ஓரத்தில் பூத்திருந்த சாம்பல் நிறப் பொருக்கை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். கசந்தது. காறித் துப்புவதற்குள் வரப்பில் சரிந்து விழுந்தவர், இரண்டு பகலும் இரண்டு இரவும் அங்கேயே தூங்கி, எழுந்து, இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக யாரையும் வையாமல் வீட்டுக்கு நடந்து போனார். இதைப் பார்த்துத்தான் அளத்து முதலாளி பரமார்த்தலிங்கம் விளைந்திருப்பது இன்னதென்று தெரிந்துகொண்டார். அவர் ஆச்சரியப்படவில்லை. அவர் நிலத்தில் விளைந்தது அவருடையது. அதற்கு மேல் அதில் யோசிக்க அவருக்கு ஒன்றும் இல்லை.

எப்படி விளைந்தது என்று யாரும் பெரிதாகக் கேட்கவும் இல்லை. அளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அது தெரிந்ததுதான். விடியுமுன்னே பாத்தியில் இறங்கினால்தான் வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரி வரப்பில் ஏற்ற முடியும் என்பதால், பன்னிரண்டாம் பாத்தியில் இருபத்திரண்டு வருஷமாக உப்பு வாருகிற சுடலைவடிவு, வாருபலகையை இழுத்துக்கொண்டே தூங்கப் பழகியிருந்தாள். அவள் கண் சொருகும்போதெல்லாம் சொரிமுத்து வரப்பில் நின்று, "ஏட்டி, பன்னெண்டாம் பாத்திக்காரி, தூக்கத்த உதறுட்டி" என்று சத்தம் போடுவார். அவளும் தலையை ஒரு சிலுப்புச் சிலுப்பி உதறுவாள். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை, இருபத்திரண்டு வருஷம். உதறியது எங்கே போகும், அங்கேயே கிடந்திருக்கிறது. கிடந்தது வெயிலில் காய்ந்து பூத்துவிட்டது. "கடல் தண்ணியே பூக்கும்போது இது பூக்காதா" என்றாள் பக்கத்துப் பாத்திக்காரியும் வடிவுக்கு அண்ணன் பெண்டாட்டியுமான முத்துக்கனி. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஊரில் தூக்கத்துக்கு நல்ல தேவை இருந்தது. உவர்மங்கலத்து மேலவீதியில் தூக்கம் வராமல் இருப்பது ஒரு பட்டம் மாதிரி. தூங்குகிறவன் கவலைப்பட ஒன்றும் இல்லாதவன், கவலைப்பட ஒன்றும் இல்லாதவன் ஒன்றும் இல்லாதவன். ஆகவே அந்த வீதியில் ஆளுக்கு ஒரு தூக்கமின்மையும் அதற்கு ஒரு கௌரவமான காரணமும் வைத்திருந்தார்கள். ஓய்வுபெற்ற தாசில்தார் குற்றாலநாதன் தம் ஒரு கையெழுத்துக்காக முப்பது வருஷம் ஜனங்களை வேப்பமரத்தடியில் காக்க வைத்தவர். இப்போது தூக்கத்துக்காக அவர் காத்துக் கிடந்தார், அதில் ஏதும் பொருத்தம் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. இவர்கள் எல்லோருக்கும் மருந்து கொடுத்துவந்தவர் தேர்முக்கில் 'இயற்கைத் தாதுத் துயில் நிலையம்' நடத்திய மருதவாணன். தலையணைக்கு அடியில் இந்துப்புக் கட்டி, தொப்புளில் படிகாரத் தண்ணீர், எள்ளுருண்டையில் துத்தநாகப் பொடி, வெந்நீரில் மக்னீசிய உப்பைக் கரைத்துக் கால்மணி நேரம் கால் நனைத்தல் என்று வரிசையாகக் கண்ணாடிக் குப்பிகள் வைத்திருந்தார். "மனுஷனும் மண்ணுதான் சார். மண்ணுல எந்தத் தாது குறையுதோ அதைப் போட்டா தென்னை காய்க்குதுல்லா" என்பார். வாங்கிப் போனவர்கள் ஒருவரும் தூங்கவில்லை. "என் உடம்புக்கு இதெல்லாம் கேக்காதுவே" என்று அடுத்த நாள் வந்து சொல்வதில் அவர்களுக்கு ஒரு பெருமை இருந்தது. பெருமையோடு அடுத்த குப்பியை வாங்கிப் போனார்கள்.

பன்னிரண்டாம் பாத்திப் பொருக்கு 'கடல் துயில் தாது' என்ற பெயரில் அந்தக் கடைக்கு வந்தபோது, அதையும் ஒரு சிட்டிகை வெந்நீரில் போட்டுக் காலை வைத்தார்கள். வைத்த காலை எடுப்பதற்குள் தூங்கிப் போனார்கள். தர்மகர்த்தா நாற்காலியிலேயே தூங்கினார், அவர் கால் ஊறிய தண்ணீரைக் குடித்த பூனை உறிமேல் தூங்கியது, வக்கீல் வாசல் நடையில் ஒரு செருப்பை மட்டும் கழற்றிய நிலையில் தூங்கினார். வாயைத் திறந்துகொண்டு, எச்சில் வழிய, மேலவீதி முதல் ஒரு மாசம் ராத்திரி தவறாமல் தூங்கியது. காலையில் எழுந்ததும், தாங்கள் தூங்கியதைப் பற்றித் தங்கள் சாதனை போலப் பேசிக்கொண்டது.

அந்த ஒரு மாசமும் சுடலைவடிவு தூங்கவில்லை.

முன்பு அவளுக்கு முழுத் தூக்கம் இல்லாவிட்டாலும் துண்டு துணுக்குகள் இருந்தன. அளத்திலிருந்து திரும்பும் வேனில் ஒரு கண், உலை கொதிக்கும்வரை ஒரு கண், படுத்தால் மூன்று மணி நேரம். பாத்தி பூத்த நாளிலிருந்து அதுவும் நின்றுபோயிற்று. மற்றவர்கள் அந்தப் பாத்தியில் கால் வைத்தால் சரிந்தார்கள். சாக்கை இரண்டாக மடித்துக் காலில் கட்டிக்கொண்டு இறங்கிய பெண்கூடப் பத்தே நிமிஷத்தில் வரப்பைப் பிடித்துக்கொண்டு குறட்டை விட்டாள். வடிவு மட்டும் கணுக்காலளவு தன் தூக்கத்திலேயே நின்று வாரினாள், அது அவள் மேல் ஏறவில்லை. அதனால் பன்னிரண்டாம் பாத்தியை வார அவளை விட்டால் ஆள் இல்லை என்று ஆயிற்று. பரமார்த்தலிங்கம் அவளுக்கு லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்.

"உதறினதுக்குத் தானா திரும்பி வரத் தெரியாதுளா" என்றாள் முத்துக்கனி. "உதறச் சொல்ல ஆளு வச்ச மொதலாளி வாயி, எடுத்துக்கோன்னு சொல்லணும். அப்பதான் வரும். போயிக் கேளு."

"கேட்டா குடுப்பாவளா மைனி?"

"குடுக்க மாட்டாவ. இருந்தாலும் கேளு. கேக்காமச் செத்தாக்க அதுக்கும் உன்னையத்தான் சொல்லுவாவ."

வடிவு போய்க் கேட்டாள். பரமார்த்தலிங்கம் அளத்துக் கொட்டகையில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"மொதலாளி, ஒரு கை மட்டும் அள்ளிக்கிடுதேன். கண்ணு மூடி நாப்பது நாளாச்சு."

"அது அளத்துச் சரக்குல்லாட்டி."

"என் தூக்கந்தான மொதலாளி அது."

அவர் உண்மையிலேயே சிரித்தார், இளநீர் மூக்கில் ஏறும் அளவுக்கு. "வேலை நேரத்துல தூங்குன தூக்கம் எப்படிட்டி உன்னுதாகும்? அந்த நேரம் என் நேரம். அதுல நீ என்னத்த உதறினாலும் எனக்கு உதறினதுதான்." சொன்னதில் அவருக்கே ஒரு திருப்தி ஏற்பட்டது. அன்றிலிருந்து, வேலை முடிந்து போகிறவர்கள் கொட்டகை வாசலில் வைத்த அண்டாவில் கையையும் காலையும் கழுவிவிட்டுத்தான் போகவேண்டும், கழுவிய தண்ணீரைப் பாத்தியில் திரும்ப ஊற்றவேண்டும் என்று ஒரு சட்டம் போட்டார். சுடலைவடிவின் விரலிடுக்கில் ஒட்டியிருந்த சுடலைவடிவின் தூக்கம் ஒவ்வொரு நாளும் அப்படி முதலாளியிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஆனி மாசத்தில் அவள் கண்ணுக்குக் கீழே கையகலக் கறுப்பு விழுந்தது. உப்பு லாரி வருவது தெரிந்தும் ஒதுங்கத் தோன்றாமல் ரோட்டின் நடுவில் நின்றாள். முத்துக்கனி இழுத்துப் போட்டாள். சோற்றில் போட்ட கையை எடுக்க மறந்து உட்கார்ந்திருந்தாள். இன்னொரு கோடையை இவள் தாங்கமாட்டாள் என்பது கீழக்குடியிருப்பில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அளத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, பாத்தியில் இறங்கும் கொக்குக்குக்கூடத் தெரிந்திருக்கும். மேலவீதிக்குத் தெரியாது. மேலவீதி தூங்கிக்கொண்டிருந்தது.

மேலவீதிக்குச் சங்கடம் வேறு வழியாக வந்தது. தூங்கி எழுந்தவர்களுக்குப் பாதம் வெடித்திருந்தது. தோள்பட்டை இற்றுப்போனது மாதிரி வலித்தது. தாசில்தாரின் உள்ளங்கையில், பேனாவைத் தவிர எதையும் பிடித்தறியாத அந்தக் கையில், கொப்புளம் கண்டது. இதையெல்லாம் மூட்டுவலிக் கணக்கில் சேர்த்துவிடலாம் என்றுதான் முதலில் பொறுத்திருந்தார்கள். பொறுக்க முடியாததாக ஒன்று இருந்தது. அதற்காக ஆடி முதல் ஞாயிற்றுக்கிழமை மாலை நலச்சங்கக் கட்டடத்தில், வெங்காய பஜ்ஜியும் காப்பியும் வைத்துக் கூட்டம் போட்டார்கள்.

"தூக்கத்துல என்னை ஒருத்தன் ஏட்டிங்கான்வே" என்றார் குற்றாலநாதன்.

காப்பியை ஆற்றிக்கொண்டிருந்த தர்மகர்த்தாவின் கை அந்தரத்தில் நின்றது. "உம்மையுமா?"

"உதறுங்கான். எதை உதறணும்னு கேட்டா, வாயை மூடுங்கான். நான் தாசில்தார்ங்கேன். சிரிக்கான்."

கூடியிருந்த பதினொரு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் பஜ்ஜியைப் பார்த்தார்கள். பதினொரு பேரும் கனவில் வெள்ளைவெளேரென்ற ஒரு வெளியில் பலகை இழுத்திருந்தார்கள். பதினொரு பேரையும் வரப்பில் நின்ற ஒருத்தன் பன்னெண்டாம் பாத்திக்காரி என்று கூப்பிட்டிருந்தான்.

"அப்போ நாம தூங்குதது யாரோ ஒரு பொம்பளையோட தூக்கம்லா" என்றார் வக்கீல்.

"பொம்பளைன்னாக்கூடப் பரவால்லவே" என்றார் தர்மகர்த்தா. "எந்தத் தெருப் பொம்பளை?"

அளத்தில் உப்பு வாருகிறவர்கள் எந்தத் தெரு என்று உவர்மங்கலத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவள் வாரிய உப்பைச் சோற்றில் போட்டுத் தின்றுதான் இந்தப் பதினொரு பேரும் பெருத்திருந்தார்கள். ஆனால் உப்பு அடுப்பில் ஏறிச் சுத்தமாகிவிடுகிறது. தூக்கத்தை எந்த அடுப்பில் ஏற்றுவது? தர்மகர்த்தா தம் உடம்புக்குள் நான்கு மாசமாக யார் படுத்திருந்தது என்று நினைத்து, மேல்துண்டால் கையைத் துடைத்தார், பிறகு நெஞ்சைத் துடைத்தார், பிறகு துடைப்பதற்கு வெளியில் இடம் இல்லாமல் நிறுத்தினார். அவள் எப்படி இருக்கிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. தூங்குவதை விட்டுவிடலாம் என்றும் ஒருவரும் சொல்லவில்லை.

மருதவாணன்தான் எழுந்தார். "கழுவிருவோம் சார். மூணு தண்ணி விட்டுக் கழுவினா ஆளோட வாசம் போயிரும். தாது மட்டும் நிக்கும்."

"நாலு தண்ணி" என்றார் குற்றாலநாதன். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

உப்பை நல்ல தண்ணீரில் கழுவ முடியாது, கரைந்துவிடும். உப்பு எந்தப் பாத்தியில் விளைந்ததோ அந்தப் பாத்தித் தண்ணீரிலேயே அலசி, அலசிய தண்ணீரைத் திரும்ப அங்கேயே ஊற்றிவிடுவதுதான் அளத்து வழக்கம். கழுவுகிற வேலையும் வடிவுக்குத்தான் வந்தது, தொட்டால் சரியாதவள் அவள் ஒருத்திதானே. கூடையில் அள்ளி, பாத்திக் கசப்புத் தண்ணீரில் முக்கி அலசினாள், கூடைக்கடியில் சாம்பல் நிறத்தில் வடிந்து பாத்திக்கே போயிற்று. இரண்டாம் தண்ணீரில் பொருக்கு வெளுத்தது. மூன்றாம் தண்ணீரில் கண் கூசியது. நான்காம் தண்ணீரில் சீனிக் கற்கண்டு மாதிரி ஆகிவிட்டது. அதுவரை, அந்தக் கூடையில் உட்கார்ந்த ஈ எதுவும் எழுந்ததில்லை. வரப்பில் தள்ளி நின்றுகொண்டிருந்த முத்துக்கனிதான் முதலில் பார்த்தாள்.

"ஏளா, ஈ எந்திச்சுப் போவுது."

வடிவும் பார்த்தாள். வெள்ளைக் குவியலில் உட்கார்ந்த ஈ, முன்னங்கால் இரண்டையும் தேய்த்துக்கொண்டு, சாவகாசமாகப் பறந்து போயிற்று.

"போவட்டும் மைனி" என்றாள் வடிவு. நான்கு தண்ணீர் என்று சொன்னவர்களுக்கு ஐந்தாவதாக ஒரு தண்ணீரும் விட்டாள்.

'நான்கு முறை சுத்திகரித்த, மனிதக் கலப்பற்ற தூய துயில் தாது' நாற்பட்டை ஜாடியில் மேலவீதிக்குப் போயிற்று. கால்மணி நேரம் காலை நனைத்தார்கள். அரைமணி நேரம் நனைத்தார்கள். தண்ணீர் ஆறிற்று. அதில் தூக்கம் ஒரு சிட்டிகைகூட இல்லை என்பது முதல் நாளே பதினொரு பேருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் அதைச் சொல்வது எப்படி? கழுவாதபோது வந்தது, கழுவிய பிறகு வரவில்லை என்றால், வந்தது எது என்று ஆகிவிடும். அந்தத் தெருவின் தூக்கம் மட்டும்தான் தன் உடம்புக்கு ஒத்துக்கொண்டது என்று ஒரு மனுஷன் வாயைத் திறந்து சொல்வானா? ஆகவே மேலவீதி கண்ணை மூடிக்கொண்டு விழித்திருந்தது. தாசில்தார் வேண்டுமென்றே குறட்டை விட்டார், பக்கத்தில் அவர் மனைவி அதைக் கேட்டுக்கொண்டு வேண்டுமென்றே மூச்சை இழுத்து விட்டாள்.

"எப்படி, தூக்கம்?" என்று காலையில் கேட்பார்கள்.

"சலனமே இல்லை."

"கனவு?"

"ஒரு கனவு கிடையாதுவே" என்பார்கள். அது மட்டும் உண்மை.

ஐப்பசியில் தெற்கே மேகம் கூடியது. மழைக்கு முன்னால் பாத்திகளில் மிஞ்சிய கசப்புத் தண்ணீரை ஓடையில் திறந்துவிட்டுச் சுத்தம் செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வருஷ உப்பும் கசக்கும். பரமார்த்தலிங்கம் குடையை ஊன்றிக்கொண்டு வந்து பன்னிரண்டாம் பாத்தியைப் பார்த்தார். கழுவிக் கழுவி ஊற்றியதில் அது எண்ணெய் மாதிரித் தடித்து, கறுத்துக் கிடந்தது. காற்றடித்தும் அலை எழவில்லை.

"தொறந்து விட்டுத் தொலைங்கட்டி இந்தச் சாக்கடைய" என்றார்.

வடிவு நின்றாள். ஏழு மாசமாகத் தூங்காதவளுக்கு நிற்பதே பெரிய வேலை. "மொதலாளி, காலு வெடிப்புக்கு ஊத்திக்கிடலாம்னு பாக்கேன். ஒரு கொடம் எடுத்துக்கிடட்டா?"

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கழிவைக் கூடக் கேட்டு வாங்குகிற ஜனம் என்று அவருக்குச் சிரிப்பு வந்தது. "கொடம் என்னட்டி கொடம். மொத்தத்தையும் எடுத்துக்கோ. பாத்தியோட கொண்டு போ" என்றார். சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்பதற்குள் வடிவு தூக்கத்தில் சரிந்தாள். முத்துக்கனி ஓடிவந்து அக்குளில் கைகொடுத்துத் தாங்கினாள். "இங்க வேண்டாம்ளா. இது அவன் மண்ணு. எழுப்பிருவான். செத்தப் பொறு, வீட்டுல போயித் தூங்கு." பொறுத்தாள். இரண்டு பேருமாக ஏழு நடை நடந்து பதினாலு குடம் கொண்டுபோனார்கள். நடுப்பகலில், வீட்டுக்குள், தகர டப்பில் ஊற்றிக் காலை வைத்தாள். டப்பில் தண்ணீர் அலம்பி நிற்பதற்குள் தூங்கிவிட்டாள். முத்துக்கனி அவள் காலை எடுத்துப் பாயில் வைத்து, கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்தாள். மிச்சத்தை மற்றவர்கள் ஓடையில் திறந்துவிட்டார்கள். அதைக் குடித்த கடல் ஒரு வாரம் அலையடிக்காமல் கிடந்தது.

மழை வந்தது. மழை போயிற்று. வடிவு எழவில்லை. இருபத்திரண்டு வருஷத்துத் தூக்கம், ஒரு மழையில் தீர்வதா. தையில் பன்னிரண்டாம் பாத்தியில் வேறு ஒருத்தி இறங்கினாள், சரியவில்லை. விளைந்தது வெறும் உப்பு. நல்ல உப்புதான், பரமார்த்தலிங்கம் அதைப் பார்த்துக் காறித் துப்பினார்.

அதே மாசத்தில் வக்கீலின் அறுபதாம் கல்யாணப் பந்தியில், ரசத்துக்கும் மோருக்கும் நடுவில், தாசில்தாரின் மனைவி ஒரு கொட்டாவி விட்டாள். பக்கத்து இலை விட்டது. அதற்கடுத்த இலை விட்டது. கொட்டாவி பந்தி முழுக்க ஓடி, எதிர்ப்பந்திக்குத் தாவி, பரிமாறுகிறவர்கள் வாளியோடு நின்று வேடிக்கை பார்க்க, ஒரு மணி நேரம் நிற்கவே இல்லை. வாயை மூட முடியாத நிலையில் பதினொரு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு, மேலவீதிக்காரர்கள் பிறந்ததிலிருந்து கால் வைத்தறியாத கீழக்குடியிருப்புக்குள் வந்தார்கள். வழி தெரியாது என்பதால் பரமார்த்தலிங்கத்தின் உத்தரவின் பேரில் சொரிமுத்து முன்னால் வந்தார். வடிவை எழுப்பவேண்டும், எழுப்பிப் பாத்தியில் இறக்கவேண்டும், அவள் நின்றபடி கண் சொருகவேண்டும், உதறவேண்டும். உலகத்தில் வேறு எந்தத் தாதுவும் அவர்களுக்கு இனி உதவப்போவதில்லை என்று மருதவாணனே ஒப்புக்கொண்டுவிட்டார், அவர் கண்ணும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. வடிவின் வீட்டு வாசலில் முத்துக்கனி உட்கார்ந்து சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எழுப்பும்மா அவளை" என்றார் குற்றாலநாதன், மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு.

"கூப்பிட்டா எந்திக்க மாட்டா. உள்ள போயி, தோளத் தொட்டு, நல்லா உலுக்கணும். கதவு தொறந்துதான் கெடக்கு. போங்க."

யாரும் போகவில்லை.

"நீ போயி எழுப்பேன்."

"நா எதுக்கு எழுப்பணும்? அவ எனக்கு என்ன குத்தம் செஞ்சா?" மீன் செதிள் ஒன்று தெறித்துத் தாசில்தாரின் வேட்டியில் ஒட்டியது. "சொரிமுத்தண்ணே, நீரு போறீரா? அவ அண்ணன்மாரு ரெண்டு பேரும் வீட்டுலதான் இருக்காவ."

சொரிமுத்து இரண்டடி பின்வாங்கிக் குற்றாலநாதன் பக்கத்தில் நின்றுகொண்டார். பதினொரு பேரும் ஒருத்தரை ஒருத்தர் முன்னால் தள்ளிவிடுகிற பார்வை பார்த்துக்கொண்டார்கள். நான்கு மாசம் அவள் தூக்கத்தை உள்ளங்கால் வழியாக உறிஞ்சித் தலைவரை நிரப்பிக்கொண்டவர்கள். ஒரு விரல், தோளில் ஒரு விரல் வைத்தால் போதும். தர்மகர்த்தா தம் கையை எடுத்துப் பார்த்துவிட்டு முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். தெருவில் நின்றபடியே, "ஏம்மா! ஏய்! உள்ள இருக்கிறவளே!" என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள்.

"பேரச் சொல்லிக் கூப்பிடுங்க" என்றாள் முத்துக்கனி.

அவர்களுக்குப் பேர் தெரியாது. பாத்தி நம்பர்தான் தெரியும்.

வெயில் ஏறியது. உள்ளேயிருந்து அவள் மூச்சு வந்துகொண்டிருந்தது. நீளமாக, அவசரமில்லாமல். அதைக் கேட்டுக்கொண்டு நின்றதில் குற்றாலநாதனுக்குக் கண் சொருகியது. ஆறு மாசத்தில் முதல் தடவை. தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, நின்றபடியே அவர் தூங்க ஆரம்பித்தார். பக்கத்தில் நின்ற சொரிமுத்து, பழக்கதோஷத்தில், "ஏட்டி, தூக்கத்த உதறுட்டி" என்று ஒரு சத்தம் போட்டார்.

தாசில்தார் தலையை ஒரு சிலுப்புச் சிலுப்பினார். உதறியது அந்தத் தெருப் புழுதியில், மீன் செதிளுக்குப் பக்கத்தில் விழுந்தது. அவருடைய சொந்தத் தூக்கம், யார் வாசமும் இல்லாதது, எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி அங்கே கிடந்தது. அவர் அதைப் பார்த்தார். குனிந்து எடுத்தால் கை அந்தப் புழுதியில் படும். துண்டால் மூக்கை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு, அதைத் தாண்டிக் கால் வைத்து, மேலவீதியைப் பார்த்து நடந்தார்.

உள்ளே சுடலைவடிவு புரண்டு, மறுபக்கம் திரும்பிப் படுத்தாள்.